கைப்பிடி அரிசியும் மாதக் கணக்கும்: வரவு செலவு எழுதத் தொடங்கும் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு

தென் மாவட்டத்துச் சபைகளில் கைப்பிடி அரிசிக் காணிக்கை என்றொரு வழக்கம் உண்டு. உலைக்கு அரிசியை அளந்து எடுத்ததும், களைவதற்கு முன்பே அதிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிப் பாத்திரத்தில் போட்டுவைப்பார்கள். சேர்ந்த அரிசி கோவிலுக்குப் போகும். வீட்டுக் கணக்கிலும் நான் பின்பற்றுவது இதைத்தான். பணம் போதாமையைக் காட்டிலும், வருமென்று தெரிந்திருந்த செலவு திடீரென்று வந்துவிட்டதுபோல் வாசலில் நிற்பதே வீட்டில் மனக்கசப்பை உண்டாக்குகிறது என்பது என் அனுபவம். மாதந்தோறும் ஒரு பிடி எடுத்துவைக்கப் பழகினால் அந்தப் பதற்றம் பெருமளவு தணியும்.

படி 1: இருவரும் உட்காருங்கள்

கோபுரம் கட்ட நினைக்கிறவன் முன்பு உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்கமாட்டானோ என்று லூக்கா 14:28-இல் இயேசு கேட்கிறார். அதில் ‘உட்கார்ந்து’ என்ற சொல்லை நாம் எளிதாகத் தாண்டிப் போய்விடுகிறோம். காலையில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் நின்றபடி பணத்தைப் பற்றிப் பேசினால், அது கணக்காக இருக்காது, குற்றச்சாட்டாகிவிடும். ஞாயிறு ஆராதனை முடிந்து, மதியச் சாப்பாட்டுக்குப் பின் முக்கால் மணி நேரம் ஒதுக்கி, சிறிய ஜெபத்துடன் தொடங்குங்கள். கோடு போட்ட ஒரு நோட்டும் பென்சிலும் போதும். செல்போன் செயலியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். போன மாதம் யார் எதற்குச் செலவழித்தார் என்ற விசாரணையை மட்டும் அன்று தொடவே வேண்டாம்.

படி 2: கைக்கு வரும் தொகையை எழுதுங்கள்

பிடித்தங்கள் போகக் கைக்கு வரும் சம்பளத்தை மட்டும் எழுதுங்கள்; போனஸைச் சேர்க்காதீர்கள். வருமானம் மாதத்துக்கு மாதம் மாறுகிறதென்றால், கடந்த ஆறு மாதங்களில் மிகக் குறைவாக வந்த தொகையைக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே எடுத்துக்காட்டாக 32,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

படி 3: காணிக்கையை முதலில் தீர்மானியுங்கள்

வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தசமபாகமாகக் கொடுக்கும் குடும்பமானால் 3,200 ரூபாயை முதல் வரியிலேயே எழுதிவிடலாம். அவ்வளவு இயலாத நிலையில் இருப்பவர்கள், அவனவன் தன் மனதில் நியமித்தபடி கொடுக்கவேண்டும், விசனமாகவோ கட்டாயமாகவோ கொடுக்க வேண்டியதில்லை என்று பவுல் 2 கொரிந்தியர் 9:7-இல் எழுதியிருப்பதைக் கணவனும் மனைவியும் சேர்ந்து வாசித்து ஒரு தொகையை முடிவு செய்யுங்கள். கடன் அட்டையைத் தேய்த்துக் காணிக்கை கொடுப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்கமாட்டேன். அந்தப் பாக்கிக்குப் பல வங்கிகள் மாதம் 3 விழுக்காட்டுக்கு மேல் வட்டி போடுகின்றன.

படி 4: ஆண்டுச் செலவுகளை மாதத்துக்கு வகுத்துவிடுங்கள்

முழு முறையும் இந்தப் படியில்தான் இருக்கிறது. ஆகவே நேரம் எடுத்துச் செய்யுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பரில், பிள்ளைகளுக்குத் துணியும் பலகாரச் சாமானும் வாங்க நாங்கள் ஒரு வளையலை அடகு வைத்தோம். கிறிஸ்துமஸ் டிசம்பர் 25-இல் வரும் என்பது எங்களுக்கு அந்த ஆண்டுதான் தெரிந்ததா என்ன?

காலண்டரை ஜனவரியிலிருந்து புரட்டி, மாதந்தோறும் வராத செலவுகளையெல்லாம் எழுதுங்கள். ஜூனில் பள்ளிக் கட்டணம் 18,000, கிறிஸ்துமஸுக்கு 12,000, வண்டி இன்சூரன்ஸ் 2,400, கல்யாணம், ஞானஸ்நானம், சபையார் சேர்ந்து உண்ணும் அசன விழா போன்றவற்றுக்கு 3,600 என்று எழுதினால் மொத்தம் 36,000 ரூபாய் ஆகிறது. அதைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 3,000 ரூபாய். மொத்தமாகப் பார்க்கும்போது மலைப்பாக இருந்த தொகை, மாதத்துக்கு ஒரு பிடியாக வந்துவிட்டது. நடு ஆண்டில் தொடங்குகிறவர்கள், அடுத்து வரப்போகும் செலவுக்கு எத்தனை மாதம் மீதமிருக்கிறதோ அத்தனையால் வகுக்க வேண்டும். முதல் ஆண்டில் ஒதுக்கீடு சற்றுக் கூடுதலாகத்தான் இருக்கும்.

படி 5: மாதச் செலவுகள்

வாடகை 8,000, மளிகை, காய்கறி, பால், கேஸ் எல்லாம் சேர்த்து 9,500, போக்குவரத்து 2,500, மின்சாரமும் செல்போனும் 1,300, கடன் தவணை 2,500. தமிழ்நாட்டில் மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் அதில் பாதியை எழுதினால் போதும். காணிக்கையையும் ஆண்டு ஒதுக்கீட்டையும் சேர்த்தால் 30,000 ஆகிறது, மீதி 2,000. அதில் 1,500 ரூபாயை மருத்துவம் போன்ற அவசரத்துக்கு வைத்துவிட்டு, எஞ்சிய 500 ரூபாயை இருவரும் ஆளுக்குப் பாதியாகக் கணக்குக் கேட்காத பணமாக வைத்துக்கொள்ளுங்கள். இதை வீண் என்று சிலர் நினைக்கலாம். ஆனால் ஒரு டீக்கும் வடைக்கும் பதில் சொல்ல வேண்டிய வீட்டில் நோட்டு இரண்டாம் மாதத்தோடு பரணுக்குப் போய்விடும்.

படி 6: பணத்தைப் பிரித்துவையுங்கள்

சம்பளம் வந்த அன்றே ஆண்டு ஒதுக்கீட்டை வேறு சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். அந்தக் கணக்கை யூபிஐ செயலியில் இணைக்காதீர்கள். கைக்கு எட்டினால் செலவாகிவிடும். கிறிஸ்துமஸ் பணத்துக்கு மட்டும் வங்கியில் பன்னிரண்டு மாத ஆர்.டி. (மாதந்தோறும் ஒரே தொகை கட்டும் தொடர் வைப்பு) தொடங்கினால், முந்தைய நவம்பரில் போட்டது அடுத்த நவம்பரில் முதிர்ந்து வரும். ரொக்கமாகச் சம்பளம் வாங்குகிறவர்களுக்குக் காகிதக் கவர்களே போதும். ஒவ்வொன்றின் மேலும் பெயரை எழுதி பீரோவில் வைத்துவிடலாம்.

முதல் மூன்று மாதங்களுக்கு எண்கள் தப்பாகத்தான் இருக்கும்; பென்சில் அதற்குத்தான். ஒரு மாதம் பணம் இழுபறியானால் மளிகையிலும் வெளிச் செலவிலும் குறைத்துப் பாருங்கள், பிறகு அவசரத் தொகையைத் தொடுங்கள். பள்ளிக் கட்டணக் கவரில் கை வைத்தே ஆகவேண்டிய நிலை வந்தால், எடுத்த தொகையையும் தேதியையும் அந்தக் கவரின் மேலேயே எழுதிவிட்டு எடுங்கள்.