கரு தங்கும் நாட்களை வீட்டிலேயே கண்டுபிடிப்பது எப்படி? (கணவர் வெளியூரில் வேலை செய்பவர்களுக்கும் சேர்த்து)

திருமலையில் (திருகோணமலையில்) கலியாணம் முடித்து மூன்று மாதம் ஆனாலே போதும், "விசேஷம் ஒன்றும் இல்லையா?" என்று கேட்க ஆள் வந்துவிடும். எந்த நாளில் சேர்ந்தால் பிள்ளை தங்கும் என்று சொல்லித்தரத்தான் ஆள் இல்லை. என் கணவருக்குக் கொழும்பில் வேலை. வெள்ளி இரவு ரயில் ஏறினால் சனி விடியத்தான் வீடு, ஞாயிறு இரவு திரும்பிவிடுவார். அதனால் எங்களுக்கு நாளை முன்கூட்டியே தெரிந்துகொள்ளும் வழி தேவைப்பட்டது. நான் படித்து, செய்து பார்த்து, பலன் கண்ட முறையை இங்கே எழுதுகிறேன்.

இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்கிறீர்கள், மாதவிடாயும் ஒழுங்காக வருகிறது என்றால் இதில் எதுவும் கட்டாயமில்லை. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்தாலே போதும் என்றுதான் டொக்டர்மார் சொல்வார்கள். கொழும்பு, கடல், வெளிநாடு என்று கணவர் போய் வருகிற வீடுகளுக்கும், மாதவிடாய் முன்பின்னாக வருகிறவர்களுக்கும்தான் மிச்சம்.

தேவையானவை: சின்னப் பிள்ளைகள் கணக்குச் செய்கிற கட்டம் போட்ட கொப்பி ஒன்று, பேனா, ஓவுலேஷன் ஸ்ட்ரிப் (முட்டை வெளிவரப் போவதைச் சிறுநீரில் காட்டுகிற பட்டி), ஒரு பழைய யோகட் கப். தெர்மோமீட்டர் விருப்பமென்றால் மட்டும். போனில் இருக்கிற ஆப்களை நான் பெரிதாக நம்புவதில்லை. அவை முந்தைய மாதங்களின் சராசரியை வைத்து ஒரு நாளைக் கணித்துச் சொல்கின்றன. இந்த மாதம் உங்கள் உடம்பில் என்ன நடக்கிறது என்பது ஆப்புக்குத் தெரியாது.

படி 1: நாளை எண்ணுதல்

சிவப்பாக ஓட்டம் தொடங்குகிற நாள்தான் 1ஆம் நாள். அதற்கு முதல் நாள் படுகிற பழுப்புப் பொட்டை எண்ண வேண்டாம். அடுத்த மாதவிடாய்க்கு முந்திய நாள் வரை ஒரு சுற்று. 21 முதல் 35 நாள் வரை எதுவும் வழமையானதுதான்.

"14ஆம் நாள் முட்டை வரும்" என்று எல்லாரும் சொல்வார்கள். அந்த 14ஐ அடுத்த மாதவிடாயிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். 28 நாள் சுற்று என்றால் 14ஆம் நாள் சரிவரும். 34 நாள் சுற்றுக்காரருக்கு அது ஏறக்குறைய 20ஆம் நாள். 14ஆம் நாளோடு எல்லாம் முடிந்தது என்று அவர் நினைத்தால், உண்மையான நாட்கள் அதற்குப் பிறகுதான் வரும்.

உங்களுடைய ஆகக் குறுகிய சுற்றிலிருந்து 18ஐக் கழியுங்கள், ஆக நீண்ட சுற்றிலிருந்து 11ஐக் கழியுங்கள். 27 நாளும் 31 நாளும் என்றால் 9ஆம் நாளிலிருந்து 20ஆம் நாள் வரை கவனிக்க வேண்டும். பன்னிரண்டு நாள், கொஞ்சம் அகலம்தான். அடுத்த இரண்டு படிகளும் அதைச் சுருக்கத்தான்.

படி 2: வெள்ளைபடுதலைப் பார்த்தல்

செலவில்லாதது, எல்லாவற்றுக்கும் முதல் தெரிவது, ஆனால் ஒருவரும் வாய்விட்டுப் பேசாதது. மாதவிடாய் முடிந்து சில நாள் வறண்டு இருக்கும். பிறகு ஒட்டுகிற பசைத்தன்மை, அப்புறம் பாலாடை நிறத்தில் ஈரம். முட்டை வெளிவரும் நாள் நெருங்க நெருங்க அது தெளிந்து வழுவழுப்பாகி, பச்சை முட்டையின் வெள்ளைக்கரு போல இரண்டு விரலுக்கிடையே அறாமல் நீளும். அதுதான் நல்ல நாட்களின் அடையாளம். விந்தணு உயிரோடு தங்கவும் நீந்தவும் இந்தத் திரவம்தான் உதவுகிறது. முட்டை வந்து போனதும் திரும்ப வறண்டுவிடும்.

நாங்கள் கழிவறையில் தண்ணீர் பாவிக்கிறவர்கள். கழுவிவிட்டால் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. கழுவ முன் ஒரு டிஷ்யூத் துண்டால் துடைத்துப் பாருங்கள். அன்றைக்குப் பார்த்ததில் ஆக வழுவழுப்பானது எதுவோ அதை இரவில் கொப்பியில் எழுதுங்கள். சேர்ந்ததற்கு மறுநாள் பார்ப்பதை நம்ப வேண்டாம், விந்தும் கலந்திருக்கும்.

வெள்ளைபட்டாலே "உடம்புச் சூடு" என்று மாமி வெந்தயம் ஊறவைப்பார். ஊறவைக்கட்டும். நமைச்சல், துர்நாற்றம், தயிர்க்கட்டி போல வெளியேறுதல் இருந்தால் மட்டும் அது தொற்று, டொக்டரிடம் காட்ட வேண்டும்.

படி 3: ஸ்ட்ரிப்

இந்தப் படியில்தான் நான் அதிக காலம் மல்லுக்கட்டினேன், ஆகவே விரிவாகவே எழுதுகிறேன்.

வாங்கும்போது: பார்மசியில் மெதுவான குரலில் கேட்டால் பெரும்பாலும் கர்ப்பப் பரிசோதனை ஸ்ட்ரிப்பைத்தான் எடுத்துத் தருவார்கள். இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான். உறையைத் திருப்பி வாசியுங்கள். நமக்கு வேண்டியதில் எல்.எச். (முட்டையை வெளிவரத் தூண்டுகிற ஹோர்மோன்) என்று இருக்கும், கர்ப்பத்துக்கானதில் எச்.சி.ஜி. என்று இருக்கும். சிரிக்கும் முகம் காட்டுகிற டிஜிட்டல் கருவிகளும் உண்டு. எனக்கு அவற்றில் விருப்பமில்லை. ஒரு குச்சியின் காசுக்குச் சாதாரண ஸ்ட்ரிப் பல வாங்கலாம், கோடு நாளுக்கு நாள் கறுத்து வருவதையும் கண்ணால் பார்க்கலாம்.

வைக்கும்போது: பெரும்பாலான உறைகளில் 30 பாகைக்கு மேல் வைக்க வேண்டாம் என்று போட்டிருக்கும். வைகாசி, ஆனி வெயிலில் எங்கள் ஊர் மத்தியானம் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். தகரக் கூரைக் குசினியிலும் குளியலறையிலும் வைக்காதீர்கள். படுக்கையறை அலுமாரியின் கீழ்த்தட்டு நல்லது. உறையைப் பாவிக்கும் நேரத்தில் மட்டும் கிழியுங்கள், ஈரக்காற்று பட்டால் கெட்டுவிடும்.

எப்போது தொடங்குவது: ஆகக் குறுகிய சுற்றிலிருந்து 17ஐக் கழியுங்கள். 28 நாள் என்றால் 11ஆம் நாள், 27 என்றால் 10ஆம் நாள்.

எந்த நேரம்: விடிய எழுந்ததும் முதல் போகிற சிறுநீர் இதற்குத் தோதில்லை. எல்.எச். ஹோர்மோன் இரத்தத்தில் பெரும்பாலும் அதிகாலையில்தான் ஏறத் தொடங்கும், சிறுநீரில் தெரிய சில மணித்தியாலம் பிடிக்கும். காலை 10 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இடையில் ஒரு நேரத்தைத் தேர்ந்து தினமும் அதே நேரத்தில் பாருங்கள். ரீச்சர்மார் பள்ளிக்கூடம் விட்டு வந்து 2 மணிக்குப் பார்க்கலாம். அதற்கு முந்திய இரண்டு மணித்தியாலம் தண்ணீர், இளநீர், தேத்தண்ணி எல்லாவற்றையும் குறைத்துக்கொள்ளுங்கள். நிறையக் குடித்தால் சிறுநீர் நீர்த்துப்போய்க் கோடு மங்கிவிடும். தாகத்தை அடக்கிக்கொண்டு கிடக்கச் சொல்லவில்லை, அந்த இரண்டு மணித்தியாலம் மட்டும்தான்.

யோகட் கப்பில் எடுத்து, ஸ்ட்ரிப்பில் கீறியிருக்கிற எல்லைக் கோட்டுக்கு மேல் போகாமல், உறையில் சொன்ன அளவு நேரம் நனையுங்கள். பிறகு தட்டையாக வைத்து ஐந்து நிமிடம் பொறுங்கள்.

இனி வாசிப்பது. கர்ப்பப் பரிசோதனையில் இரண்டாவது கோடு மங்கலாகத் தெரிந்தாலே "ஆம்" என்று எடுப்பார்கள். இங்கே அப்படியில்லை. எல்.எச். எல்லா நாளும் உடம்பில் கொஞ்சம் இருக்கும், அதனால் மங்கலான கோடு அநேகமாகத் தினமும் வரும். அது "இல்லை" தான். சோதனைக் கோடு, கட்டுப்பாட்டுக் கோட்டின் (ஸ்ட்ரிப் வேலை செய்கிறது என்று காட்ட எப்போதும் வருகிற கோடு) அளவுக்கு, அல்லது அதைவிடக் கறுப்பாக வந்தால் மட்டும் "ஆம்". கட்டுப்பாட்டுக் கோடே வராவிட்டால் அந்த ஸ்ட்ரிப் பழுது, எறிந்துவிட்டு வேறொன்று எடுங்கள்.

இது கிட்டத்தட்ட அதே கறுப்புத்தானா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்கிற நாட்கள் வரும். ஐந்தாம் நிமிடம், ஒரே இடத்தில், பகல் வெளிச்சத்தில் போனில் படம் எடுத்து வையுங்கள். முந்தின நாள் படத்தோடு ஒப்பிட்டால் சந்தேகம் குறையும். ஸ்ட்ரிப்பைக் கொப்பியில் ஒட்டி வைத்துப் பார்ப்பவர்களும் உண்டு, ஆனால் காய்ந்த பிறகு கோட்டின் நிறம் மாறும். கோடு கறுக்கத் தொடங்கியதும் ஒரு நாளைக்கு இரண்டு தரம், மத்தியானத்துக்கு முன்பும் பின்னேரமும் பாருங்கள். சிலருக்கு அந்த ஏற்றம் ஒரு நாள் முழுக்க நிற்காது, ஒரு தரம் மட்டும் பார்த்தால் தவறிவிடும்.

"ஆம்" வந்தால் பெரும்பாலும் அடுத்த 24 முதல் 36 மணித்தியாலத்துக்குள் முட்டை வெளிவரும். அன்றைக்கும் மறுநாளும் சேருங்கள். அதற்குப் பிறகு அந்த மாதம் ஸ்ட்ரிப்பை வீணாக்கத் தேவையில்லை.

பி.சி.ஓ.எஸ். (சூலகத்தில் நீர்க்கட்டிப் பிரச்சினை) உள்ளவர்களுக்கு எல்.எச். எப்போதும் உயர்ந்தே இருக்கலாம். பல நாள் தொடர்ந்து "ஆம்" காட்டினால் ஸ்ட்ரிப்பை நம்பாமல் டொக்டரிடம் போங்கள்.

படி 4: வெப்பநிலை

முட்டை வெளிவந்த பிறகு புரொஜெஸ்டரோன் ஹோர்மோனால் உடம்பு வெப்பநிலை 0.2 முதல் 0.5 பாகை வரை ஏறி, அடுத்த மாதவிடாய் வரை அப்படியே நிற்கும். ஏறியது தெரியும்போது நல்ல நாட்கள் போயிருக்கும். ரயில் டிக்கெட் போடுவதற்கு இது உதவாது. முட்டை உண்மையிலேயே வெளிவருகிறதா என்று இரண்டு மூன்று மாதம் உறுதிப்படுத்தத்தான் இது.

காய்ச்சல் பார்க்கிற தெர்மோமீட்டர் 36.5 என்று ஒரு தசமம்தான் காட்டும். 36.52 என்று இரண்டு தசமம் காட்டுகிறது வேண்டும். அதை நுளம்பு வலைக்குள் தலையணைக்குப் பக்கத்தில் வையுங்கள். குறைந்தது மூன்று மணித்தியாலம் தொடர்ந்து தூங்கி எழுந்ததும், கட்டிலை விட்டு இறங்காமல், பேசாமல், தண்ணீர் குடிக்காமல், நாக்குக்குக் கீழே வைத்து வாயை மூடி எடுங்கள். காய்ச்சல் நாட்களைக் குறித்து ஒதுக்கிவிடுங்கள். முந்திய ஆறு நாளையும்விட அடுத்த மூன்று நாள் உயர்ந்து நின்றால் முட்டை வெளிவந்துவிட்டது.

படி 5: ரயிலோடு பொருத்துதல்

முட்டை 12 முதல் 24 மணித்தியாலம் வரைதான் இருக்கும். விந்தணு நல்ல திரவத்தில் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். ஆக மொத்தம் ஆறு நாள்: முட்டை வருகிற நாளும் அதற்கு முந்திய ஐந்தும். அதில் சிறந்தவை கடைசி இரண்டு மூன்று நாட்கள்.

இதை வார இறுதிக்குப் பொருத்துங்கள். முட்டை திங்கள் அல்லது செவ்வாய் என்று தெரிந்தால் ஒன்றும் மாற்ற வேண்டாம், சனி ஞாயிறே போதும். புதன் என்றாலும் ஞாயிறு கைகொடுக்கலாம். வெள்ளி என்றால் அன்றைக்கு லீவு கேட்டு, ஒரு நாள் முந்தி வியாழன் இரவே ரயில் ஏறச் சொல்லுங்கள். இக்கட்டானது வியாழன்தான், ஞாயிறு தூரமாகிவிடும், சனி பிந்திவிடும். ஸ்ட்ரிப் "ஆம்" சொல்லும்வரை காத்திருந்தால் லீவு எடுக்க நேரம் இருக்காது. அதனால்தான் வெள்ளைபடுதலை முதலில் பார்க்கப் பழகச் சொல்கிறேன். அது வழுவழுப்பாகத் தொடங்கும் நாளே கொழும்புக்குப் போன் போக வேண்டும்.

டொக்டரிடம் எப்போது?

35 வயதுக்குக் கீழே என்றால் ஒரு வருடம், அதற்கு மேல் என்றால் ஆறு மாதம். மாதவிடாய் 35 நாளைத் தாண்டித் தாண்டி வந்தால், அல்லது வராமலே போனால், தாங்க முடியாத வலி இருந்தால் அதுவரை காத்திருக்க வேண்டாம். அதற்கு முதலே உங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ்ஸிடம் பெயரைப் பதிந்து வையுங்கள். போலிக் அமிலம் கரு தங்குவதற்கு முன்பிருந்தே எடுக்க வேண்டியது. ரூபெல்லா ஊசி போட வேண்டியிருந்தால் போட்டு ஒரு மாதம் பொறுத்துத்தான் முயற்சிக்கலாம்.

போகும்போது கொப்பியைக் கொண்டுபோங்கள். முட்டை வந்ததா என்று பார்க்கிற புரொஜெஸ்டரோன் இரத்தப் பரிசோதனையை "21ஆம் நாள்" என்பார்கள். அது 28 நாள் சுற்றுக்கு. அடுத்த மாதவிடாய்க்கு ஒரு கிழமை முன்பு எடுக்க வேண்டியது என்பதால் 35 நாள்காரருக்கு 28ஆம் நாள் வரும். கொப்பி இருந்தால் டொக்டருக்கும் சரியான நாளைச் சொல்லலாம்.

பின்சேர்க்கை

கிண்ணியாவிலிருந்து ஒரு தங்கச்சி நோன்பு காலத்தில் எப்படி என்று கேட்டிருந்தார். சஹருக்கு எழும்பும்போதே, சாப்பிட முன், கட்டிலில் வைத்து வெப்பநிலையை எடுங்கள். தராவீஹ் தொழுகை முடிந்து படுத்து மூன்று மணித்தியாலம் ஆகியிருக்காவிட்டால் அந்த நாளை விட்டுவிடுங்கள். ஸ்ட்ரிப்பை நோன்பு திறக்க முன் ஒரே நேரத்தில் பாருங்கள். நாள் முழுக்கக் குடிக்காததால் சிறுநீர் செறிவாகி எல்லா நாளும் கோடு கொஞ்சம் கறுப்பாக வரலாம், அதனால் நோன்புக்கு முந்திய மாதப் படங்களோடு ஒப்பிட வேண்டாம்.

மூன்று மாதக் கர்ப்பத்தடை ஊசி போட்டு நிறுத்தியவர்கள் பலர் எழுதியிருந்தார்கள். மாதவிடாய் ஒழுங்குக்கு வரப் பல மாதம் எடுக்கும், சிலருக்கு ஒரு வருடம்கூட. அதுவரை எண்ணிக்கைக் கணக்கு வேலை செய்யாது, வெள்ளைபடுதலை மட்டும் பாருங்கள்.

கன்னியா வெந்நீர்க் கிணற்றில் குளித்தால் கணவருக்குக் கூடாதா என்று ஒரு அக்கா கேட்டார். வாளியால் அள்ளி ஊற்றுவதால் ஒன்றும் ஆகாது. சுடுதண்ணீரில் நெடுநேரம் அமிழ்ந்து கிடப்பதும், மடிக்கணினியை மடியிலேயே வைத்திருப்பதும்தான் நல்லதில்லை. விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் எடுக்கும், இன்று மாற்றிய பழக்கத்தின் பலன் அதற்குப் பிறகுதான் தெரியும். பரிசோதனைக்குப் பெண் மட்டும் ஏறி இறங்காமல் அவரும் விந்துப் பரிசோதனை செய்ய வேண்டும். இரண்டு முதல் ஏழு நாள் வரை சேராமல் இருந்து கொடுக்க வேண்டும், மாதிரி ஒரு மணித்தியாலத்துக்குள் லாபுக்குச் சேர வேண்டும். மூதூர், நிலாவெளிப் பக்கமிருந்து வருகிறவர்கள் வீட்டில் எடுத்துக் கொண்டு ஓடிவராமல், லாபிலேயே அதற்கு அறை இருக்கிறதா என்று முதல் நாளே போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.