ஹிஸ்டரோஸ்கோப்பி: பரிசோதனைக்குப் போகும் முன்

“ஹிஸ்டரோஸ்கோப்பி பண்ணிப் பார்த்துடலாம்” என்று டாக்டர் சொன்னதும் ஆபரேஷன் என்று பயந்துவிடுகிறோம். இதில் வயிற்றைக் கிழிப்பதே இல்லை. சுமார் 3 முதல் 5 மி.மீ. தடிமனுள்ள, கேமரா பொருத்திய குழாயைப் பிறப்புறுப்பு வழியாகச் செலுத்தி, கர்ப்பப்பையின் உள்ளே நேரடியாகப் பார்க்கிறார்கள்.

1. நாள் குறிப்பது
மாதவிடாய் வருபவர்களுக்கு, ரத்தப்போக்கு நின்ற அடுத்த சில நாட்கள்தான் தோது. உள்சுவர் அப்போது மெல்லியதாக இருப்பதால் சின்ன சதை வளர்ச்சிகூடத் தெரியும். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகமோ, நாற்றத்துடன் வெள்ளைப்படுதலோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

2. வலியைப் பற்றிக் கேட்பது
இதைத் தயங்காமல் பேசுங்கள். பலருக்கு மாதவிடாய் வலி போலத்தான் இருக்கும்; சிலருக்குத் தாங்க முடியாமல் போகும். முன்கூட்டியே வலி மாத்திரை போடலாமா, மரத்துப்போக ஊசி உண்டா, மயக்க மருந்து கிடைக்குமா என்று கேளுங்கள். மயக்கம் என்றால் வெறும் வயிற்றில் வரச் சொல்வார்கள். விழித்திருக்கும்போது வலி அதிகமானால் “நிறுத்துங்க” என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

3. பரிசோதனை நடக்கும்போது
கர்ப்பப்பையின் முன்சுவரும் பின்சுவரும் சாதாரணமாக ஒட்டியே இருக்கும். குழாய் வழியாக சலைன் (உப்புநீர்) செலுத்தினால்தான் உள்ளே இடம் விரியும். அடிவயிறு இறுக்கிப் பிடிப்பது அப்போதுதான். திரையில் இளஞ்சிவப்புச் சுவர் தெரியும். மேலே இரு மூலைகளிலும் தெரியும் சிறு துளைகள் கருக்குழாய்களின் வாய்கள். சதை வளர்ச்சி, உள்பக்கம் துருத்தும் நார்க்கட்டி, தழும்பால் சுவர்கள் பிரியாமல் ஒட்டிக்கொள்வது, நடுவில் தடுப்புச் சுவர் எல்லாம் இதில் பிடிபடும். தேவைப்பட்டால் பயாப்ஸிக்குத் துளி சதை எடுப்பார்கள். அதற்கும் சம்மதம் கேட்கிறார்களா என்று கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள். பார்ப்பது மட்டும் என்றால் பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

குழந்தைக்காகக் காத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: குழாயின் வாய் தெரிகிறது என்பதால் குழாயில் அடைப்பில்லை என்று ஆகாது. அதற்கு ஹெச்.எஸ்.ஜி. (கர்ப்பப்பைக்குள் சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே) போன்ற வேறு சோதனை வேண்டும்.

4. அப்புறம்
பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போகலாம். மயக்கம் கொடுத்திருந்தால் துணைக்கு ஆள் வேண்டும். சில நாட்கள் லேசாக ரத்தம் படும். அது நிற்கும்வரை உடலுறவு வேண்டாம். காய்ச்சல், நாற்றமுள்ள கசிவு, கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, ஒரு மணி நேரத்தில் நாப்கின் நனையும் அளவு ரத்தம் என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.