ஏர்கானும் வெப்பமீட்புக் காற்றோட்டமும்: சிங்கப்பூர் வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுவரில் மாட்டும் ஏர்கான் வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்ப இழுத்துக் குளிரவைக்கிறது. கதவையும் சன்னலையும் அடைத்துக்கொண்டு இருவர் உறங்கும் அறையில், விடிவதற்குள் கரியமிலவாயு வெளியில் உள்ளதைப் போலப் பல மடங்கு சேர்ந்துவிடக்கூடும். இதற்குத் தீர்வாக, வெளியேறும் குளிர்காற்றைக் கொண்டே உள்ளே வரும் காற்றைத் தணிக்கும் காற்றோட்டக் கருவியைப் பொருத்த நினைப்பது நியாயம்தான். ஆனால் வாங்கும்போதே ஒரு பெரிய தவறு நேர்ந்துவிடுகிறது.

எச்ஆர்வி எனப்படும் வெப்பமீட்புக் கருவி குளிர்நாடுகளின் தேவைக்குப் பொருந்தியது. அது வெப்பத்தை மட்டுமே கைமாற்றும், ஈரத்தைத் தொடாது. நம் ஊரிலோ சிக்கலே ஈரம்தான். வெளியே 31 டிகிரி, உள்ளே 25 டிகிரி என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோ வெளிக்காற்றில் ஏறத்தாழ 19 கிராம் நீராவி இருக்கும். ஏர்கான் ஓடும் அறையில் 11 கிராம் அளவே இருக்கும். அந்த வெளிக்காற்றை அறையின் நிலைக்குக் கொண்டுவர ஆகும் உழைப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு, நீரைப் பிரித்தெடுக்கவே செலவாகிறது. இரவில் வெளிவெப்பம் 26 டிகிரிக்கு இறங்கிவிட்டால் மீட்பதற்கு ஒரே ஒரு டிகிரிதான் மிச்சம். ஈரமோ அப்படியே இருக்கும். இருவருக்காக மணிக்கு 60 கன மீட்டர் காற்றை உள்ளே விட்டால், அதனோடு அரை லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் வந்துசேர்கிறது. ஆகவே, நீராவியையும் சவ்வு வழியாக வெளியேறும் காற்றுக்குக் கடத்தும் இஆர்வி வகையைத்தான் கேட்டு வாங்க வேண்டும். விவரப்பட்டியலில் வெப்பமீட்பு விழுக்காடு பெரிய எழுத்தில் இருக்கும். நாம் பார்க்க வேண்டியது ஈரமீட்பு விழுக்காட்டை.

அடுத்தது, கருவியிலிருந்து அறைக்குள் காற்று வரும் வாயின் இடம். எங்கள் நான்கறை வீட்டில் ஒப்பந்தக்காரர் அதை ஏர்கானின் காற்று வெளிவரும் தகட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டார். மூன்றாம் நாள் காலையில் தகட்டின் ஓரத்தில் முத்து முத்தாக நீர் கோத்து, கீழேயிருந்த தலையணையில் சொட்டிக்கொண்டிருந்தது. பழி முதலில் ஏர்கானின் வடிகுழாய் மீது விழுந்தது. ஆள் வந்து அதைக் கழுவியும் பயனில்லை. இஆர்வி வழியாக வந்த காற்றிலும் அறைக்காற்றைவிட ஈரம் கூடுதலாகவே இருக்கும். அது குளிர்ந்த தகட்டில் பட்டால் நீராக இறங்காமல் என்ன செய்யும்? வாயை எதிர்ச்சுவருக்கு மாற்றி, அறைக்காற்றோடு கலந்தபின் ஏர்கானைச் சென்றடையுமாறு செய்ததும் சொட்டுவது நின்றது. இதே காரணத்தால், குளிர்ந்த அறை வழியாகச் செல்லும் வெளிக்காற்றுக் குழாயையும் காப்புறையின்றி விடக்கூடாது. வெளிக்காற்றின் பனிநிலை, அதாவது அதிலுள்ள நீராவி நீராக மாறத் தொடங்கும் வெப்பநிலை, இங்கே 24 டிகிரியை ஒட்டியே இருப்பதால், அறையை 23 டிகிரியில் வைப்பவர்களின் குழாய்க்குள்ளேயே நீர் கட்டும்.

காற்றோட்டக் கருவியை இருபத்துநான்கு மணி நேரமும் ஓடவிடுவது பிறநாட்டுக் கையேடுகளைப் பார்த்துப் பழகும் தவறு. ஏர்கான் நின்றபின் கருவிக்கு உதவ உலர்காற்று இராது. வெளியீரம் நேரே உள்ளே வந்து, இன்னும் குளிர்ந்திருக்கும் அலமாரியின் பின்பக்கத்தில் பூசணத்துக்கு வழிசெய்யும். புகைமூட்டம் இல்லாத நாள்களில் அப்போது கருவியை நிறுத்தி, சன்னலைத் திறந்து, அலமாரியின் குளிர் விலகுமாறு அறையைச் சற்று வெதுவெதுப்பாக விட்டுவிடுவதே செலவில்லாத வழி. இரவுக்காற்றை நேரே உள்ளே விடும் பைபாஸ் வசதிக்கும் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை.

சமையலறைப் புகைபோக்கியை இஆர்வியுடன் இணைக்கவே கூடாது. தாளிப்பின் எண்ணெய்ப்பிசுக்கு சவ்வைச் சீக்கிரமே அடைத்துவிடும். வெளிக்காற்றை இழுக்கும் வாய், கம்ப்ரசர் அனல் கக்கும் விளிம்பிலோ, சீனர்கள் தங்கள் ஏழாம் மாதத்தில் முன்னோர்க்குக் காகிதம் எரிக்கும் இடத்தை நோக்கியோ இருக்கலாகாது. 2013 ஜூன் 21ஆம் தேதி காற்றுத்தூய்மைக் கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டதை மறக்காதவர்கள், நுண்துகளைப் பிடிக்கும் வடிகட்டி பொருந்துமா என்பதையும் கேட்டுவிடுவார்கள்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வீடுகளில் குழாய்க்காகப் பாம் ஷெல்டர் எனும் குண்டுகாப்பு அறையின் சுவரைத் துளையிடக் கூடாது. வெளிச்சுவரிலும் அனுமதியின்றிக் கைவைக்கக் கூடாது. கருவியைப் பொய்க்கூரைக்குள் வைப்பதானால், வடிகட்டியை எடுக்க ஓர் ஆள் தோள்வரை கையை நுழைக்கக்கூடிய திறப்பு வேண்டும். வண்ணப்பூச்சு முடிவதற்குள் அதை நீங்களே ஏணியில் ஏறித் திறந்து பார்த்துவிடுங்கள்.