ஷாப்லி ஒயின்: வாங்கும்போதும் பரிமாறும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாரிஸிலிருந்து தென்கிழக்கே சுமார் 180 கிலோமீட்டரில், செரேன் என்ற சிற்றாற்றின் இரு கரைகளிலும் ஷாப்லியின் திராட்சைத் தோட்டங்கள் பரவியிருக்கின்றன. ஒயின் கணக்கில் இது பர்கண்டியைச் சேர்ந்த பகுதி. ஆனால் பர்கண்டியின் நடுநாயகமான போன் நகரம் இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. ஷாம்பேன் பகுதியின் தென்கோடித் தோட்டங்கள் அதைவிடப் பக்கம். ஷாப்லி வெள்ளை ஒயின்; அதற்கு ஒரே திராட்சை ரகம்தான்: ஷார்டனே. குளிர்ந்த வட்டாரம் என்பதால் பழம் நிதானமாகப் பழுக்கிறது, புளிப்பு குறையாமல் நிற்கிறது. அந்தப் புளிப்புதான் இந்த ஒயினுக்கு உயிர். ஷாப்லி வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை அதை மறைக்கிற, அல்லது கெடுக்கிற தவறுகள்.

பெயரை நம்பி வாங்குவது

அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக 'ஷாப்லி' என்ற பெயரில், கலிஃபோர்னியாவில் விளைந்த வேறு ரகங்களைக் கலந்த மலிவு ஒயின் பெரிய குடுவைகளில் விற்றது. 2006-ல் ஐரோப்பிய ஒன்றியத்தோடு ஏற்பட்ட ஒப்பந்தம் புதிதாக யாரும் இப்பெயரை வைப்பதைத் தடுத்தது. ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு மட்டும் விலக்கு கிடைத்தது. அந்த ஒயினில் லேசான இனிப்பு இருக்கும். உண்மையான ஷாப்லியில் நாக்குக்குத் தெரிகிற இனிப்பே இருக்காது. லேபிளில் 'அப்பெலாசியோன் கோன்ட்ரோலே' அல்லது 'ப்ரொதெஜே' (விளைந்த இடத்தின் பெயரைச் சட்டம் காக்கிறது என்பதன் அடையாளம்) என்ற சொற்களும், பிரான்ஸில் விளைந்தது என்ற குறிப்பும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பக்கத்து ஊர்களும் குழப்பும். சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சேன்-ப்ரியில் விளைவது சோவின்யோன் ரகம். இரான்சியில் விளைவது பீனோ நுவார் ரகச் சிவப்பு ஒயின். இரண்டும் நல்லவை, ஆனால் ஷாப்லி கிடையாது.

நான்கு படிகளைத் தெரிந்துகொள்ளாமல் விலை கொடுப்பது

கீழிருந்து மேலாக பெத்தி ஷாப்லி, ஷாப்லி, ஷாப்லி பிரெமியே க்ரூ, ஷாப்லி கிராண்ட் க்ரூ என்று நான்கு படிகள். கிராண்ட் க்ரூ என்பது ஊரை ஒட்டி, ஆற்றின் வலது கரையில் தென்மேற்கு நோக்கிச் சாய்ந்த ஒரே சரிவு. மொத்தம் சுமார் 100 ஹெக்டேர்தான். ஷாப்லித் தோட்டங்களின் முழுப் பரப்போ 5,500 ஹெக்டேருக்கும் மேல். அந்தச் சரிவை ஏழு பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள்: பிளாஷோ, பூக்ரோ, லெ க்ளோ, க்ரெனூய், ப்ரூஸ், வால்முர், வோடெசீர். லேபிளில் 'லா மூத்தோன்' என்று கண்டால் போலியோ என்று சந்தேகப்பட வேண்டாம். வோடெசீரிலும் ப்ரூஸிலும் பரவிக்கிடக்கும் அந்தத் துண்டு நிலத்தின் ஒயினை கிராண்ட் க்ரூவாக விற்க அனுமதி உண்டு.

பிரெமியே க்ரூதான் வாங்குபவரைத் திணறடிக்கும் படி. மொத்தம் 40 பெயர்கள். சில பெரிய பெயர்கள் தமக்குள் பல சின்னப் பெயர்களை அடக்கிக்கொண்டிருக்கின்றன. லொம் மோரில் விளைந்ததை 'ஃபூர்ஷோம்' என்றும் விற்கலாம், 'லொம் மோர்' என்றும் விற்கலாம். செஷேயும் லெ லீஸும் வையோனுக்குள் வருபவை. பூத்தோவும் ஃபொரேயும் மோன்மேனுக்குள். ஷாப்லோ, மோந்தே த தொனேருக்குள். கேள்விப்படாத பெயர் என்று நல்ல புட்டியை ஒதுக்குகிறவர்கள் உண்டு. ஒரே தயாரிப்பாளரிடம் வையோனும் செஷேயும் இருந்தால், செஷே குறிப்பிட்ட ஒரு துண்டிலிருந்து மட்டும் வருவது. வையோன் பல துண்டுகளின் கலவையாகவும் இருக்கலாம்.

எந்தக் கரை என்று கேட்டுக்கொள்வது நாற்பது பெயர்களையும் மனப்பாடம் செய்வதைவிடப் பயனுள்ளது. வலது கரையின் ஃபூர்ஷோம், மோந்தே த தொனேர், மோன் த மில்யூ ஆகியவை பொதுவாகச் சதைப்பற்றும் பழுத்த சுவையும் கொண்டவை. இடது கரையின் வையோன், மோன்மேன், கோத் த லெஷே மெலிந்தவை, கூர்மையானவை, பூமணம் கூடியவை. கிராண்ட் க்ரூ விலை கட்டுப்படியாகாதவர்களுக்கு மோந்தே த தொனேரைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். ஒரு சிறு பள்ளத்தாக்கைத் தாண்டினால் கிராண்ட் க்ரூ சரிவு; நல்ல தயாரிப்பாளர் கையில் அந்த நெருக்கம் ஒயினிலும் தெரியும்.

'வியெய் வீன்யு' என்ற சொல்லுக்காகக் கூடுதல் விலை கொடுக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய கொடிகள் என்பது அதன் பொருள், ஆனால் எத்தனை வயதானால் பழையது என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை. தயாரிப்பாளரின் நாணயத்தைப் பொறுத்த சொல் அது.

வெண்ணெய் மணத்தை எதிர்பார்ப்பது

ஷார்டனே என்றதும் புதிய ஓக் பீப்பாயின் வெனிலா மணமும் வெண்ணெய்ச் சுவையும் மனதில் வந்தால், முதல் மடக்கிலேயே ஏமாற்றம்தான். ஷாப்லியில் பெரும்பகுதி எஃகுத் தொட்டிகளில் தயாராகிறது. ரவெனோ, தோவிஸா போன்ற புகழ்பெற்ற தயாரிப்பாளர்கள் பீப்பாய் பயன்படுத்துகிறார்கள், ஆனால் பெரும்பாலும் பழைய பீப்பாய்களை. பழைய மரம் தன் மணத்தை ஏற்றாது. மெல்லிய அளவில் காற்றுப் படவிட்டு ஒயினின் கூர்மையைச் சற்றே மென்மையாக்கும். எனவே 'பீப்பாயில் வைத்தது' என்ற குறிப்பை உயர்வாகவும் எடுக்க வேண்டாம், குறையாகவும் எடுக்க வேண்டாம்.

சிப்பிதான் சுவை தருகிறது என்று நம்புவது

கிம்மரிட்ஜியன் என்று பெயர் பெற்ற, சுமார் 15 கோடி ஆண்டு பழமையான சுண்ணாம்புக் களிமண் இங்கே உண்டு. அதில் ஒரு கல்லைப் புரட்டினால், நகக்கண் அளவுள்ள வளைந்த சிப்பிகள் நெருக்கமாகப் பதிந்திருப்பதைப் பார்க்கலாம். ஷாப்லியில் வரும் கடற்காற்று வாடைக்கும் தீக்கல் வாடைக்கும் அந்தச் சிப்பிகளே காரணம் என்று விற்பனையாளர்கள் சொல்வார்கள். அது சரியில்லை. வேர் எடுத்துக்கொள்வது நீரில் கரைந்த தாதுக்களை மட்டுமே, அதுவும் மிகச் சொற்ப அளவில். சிப்பி ஓட்டின் சுண்ணாம்புக்கு மணமே கிடையாது. மண்ணின் பங்கு வேறு வகையானது. எவ்வளவு நீரைப் பிடித்துவைக்கிறது, எவ்வளவை வடிய விடுகிறது, அதனால் கொடி எப்படி வளர்கிறது என்பதில் அதன் வேலை இருக்கிறது. நாம் 'கல்' என்று உணர்வது உயர்ந்த புளிப்பு, நொதித்தலில் உருவாகும் கந்தகச் சேர்மங்கள், மேலே மூடிமறைக்க ஓக் மணம் இல்லாமை ஆகியவை கூடிய விளைவு என்பதே பொருத்தமான விளக்கம்.

பெத்தி ஷாப்லி பெரும்பாலும் மேட்டுச் சமவெளியில், போர்ட்லாண்டியன் என்ற இன்னொரு சுண்ணாம்புப் படிவத்தின் மேல் விளைகிறது. மேட்டில் காற்றும் குளிரும் அதிகம், பழம் பழுப்பது கடினம்.

பனி விழுந்த ஆண்டை ஒதுக்குவது

ஏப்ரலில் துளிர்விடும் மொட்டை உறைபனி கருக்கிவிடுவது இந்த வட்டாரத்தின் தீராத தொல்லை. 1957-ல் நேர்ந்த அழிவை இன்னமும் சொல்கிறார்கள். பனி இரவில் தோட்டங்களில் வரிசை வரிசையாகத் தீச்சட்டி ஏற்றுகிறார்கள். சில இடங்களில் கொடிமேல் இரவெல்லாம் தண்ணீர் தெளிக்கிறார்கள். நீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம், பனிக்கட்டிக்குள் இருக்கும் மொட்டைப் பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்திலேயே காப்பாற்றும். ஆனால் வெயில் வந்து கட்டி உருகும்வரை தெளிப்பை நிறுத்தக் கூடாது. நடுவில் பம்பு நின்றால், தெளிக்காமல் விட்டதைவிட அதிகமாகக் கருகும்.

பனி குறைப்பது விளைச்சலின் அளவைத்தான். மிஞ்சிய பழத்தின் தரம் அதற்குப் பிறகு வரும் கோடையைப் பொறுத்தது. 2017-ல் பனி கடுமையாக இருந்தும் ஒயின் அருமையாக, ஷாப்லிக்கே உரிய கூர்மையோடு வந்தது. 2021-ல் பனிக்குப் பின் கோடையும் குளிராக, மழையாகப் போனதால், ஒயின் மெலிந்து புளிப்பு ஓங்கியிருக்கிறது. வெப்பமான 2003, 2018 போன்ற ஆண்டுகளில் பழச்சுவை கூடி, புளிப்பு தளர்ந்தது. ஷாப்லியை ஷாப்லியாகவே குடிக்க விரும்புகிறவர் 2014-ஐயும் 2017-ஐயும் தேடட்டும்.

ஃபிரிட்ஜிலிருந்து நேரே கிளாஸில்

நல்ல புட்டியை வீணாக்கும் தவறுகளில் இதற்குத்தான் முதலிடம். ஃபிரிட்ஜின் வெப்பநிலை சுமார் 4 டிகிரி. அந்தக் குளிரில் மணம் எழும்பாது. புளிப்பு மட்டும் ஊசியாகக் குத்தும். கிராண்ட் க்ரூவுக்குக் கொடுத்த பணத்துக்குக் குளிர்ந்த எலுமிச்சைத் தண்ணீர்தான் கிடைக்கும். பெத்தி ஷாப்லிக்கு 8-லிருந்து 9 டிகிரி, ஷாப்லிக்குச் சுமார் 10, பிரெமியே க்ரூவுக்கு 11 அல்லது 12, கிராண்ட் க்ரூவுக்கு 12-லிருந்து 14 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, அறையின் சூட்டைப் பொறுத்து 15-லிருந்து 30 நிமிடம் வெளியே வைத்தால் போதும். அவசரமாகக் குளிர்விக்க வேண்டுமென்றால் வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர். வெறும் ஐஸ் புட்டியை அங்கங்கே மட்டும் தொடும். தண்ணீர் சேர்ந்தால்தான் சூடு வேகமாக இறங்கும். சுமார் 20 நிமிடம் ஆகும்.

கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம். நிறைய ஊற்றினால் மணத்துக்கு இடமிருக்காது, குடித்து முடிப்பதற்குள் சூடும் ஏறிவிடும். இளம் கிராண்ட் க்ரூவை அரை மணி நேரம் முன்பே வாயகன்ற ஜாடிக்கு மாற்றினால் இறுக்கம் தளரும்.

உணவோடு சேர்ப்பதில்

வேகவைக்காமல் உண்ணும் சிப்பிக்கும் ஷாப்லிக்கும் உள்ள பொருத்தம் உலகறிந்தது. ஆனால் பிரெஞ்சு உணவகங்களில் சிப்பியோடு வெங்காயம் நறுக்கிப்போட்ட வினிகர் வரும். அதை ஊற்றினால் ஒயின் செத்துப்போகும். இரண்டு சொட்டு எலுமிச்சை போதும், அதுவும் இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது. சிப்பிக்குப் பெத்தி ஷாப்லி அல்லது சாதாரண ஷாப்லியே சரியான துணை. கிராண்ட் க்ரூவை லாப்ஸ்டருக்கோ க்ரீம் சேர்த்த கோழிக்கோ வைத்துக்கொள்ளலாம். உள்ளூரில் ஷாவூர்ஸ் சீஸும், சீஸ் சேர்த்துச் சுட்ட கூழேரும், பன்றிக் குடலில் செய்யும் அந்துயெத்தும் இதோடு வரும். இனிப்பான சாஸைத் தவிருங்கள், ஒயின் கடுப்பாகிவிடும். மிளகாய்க் காரமும் ஆகாது. மதுவின் சூடும் புளிப்பும் சேர்ந்து எரிச்சலைக் கூட்டும்.

வைத்திருப்பதும் திருப்பிக் கொடுப்பதும்

பெத்தி ஷாப்லியைப் பத்து ஆண்டு சேமிப்பது வீண். இரண்டு மூன்று ஆண்டுக்குள் குடித்துவிடுங்கள். சாதாரண ஷாப்லி ஐந்து ஆண்டுவரை தாங்கும். பிரெமியே க்ரூ ஐந்திலிருந்து பத்து ஆண்டு, நல்ல கிராண்ட் க்ரூ பத்து ஆண்டும் அதற்கு மேலும் நிற்கும். மாறாக, கிராண்ட் க்ரூவை வாங்கிய ஆண்டே திறப்பதும் தவறுதான். அப்போது அது வாய் திறக்காது. சேமிக்கும் இடம் இருட்டாக, 12-லிருந்து 14 டிகிரியில், ஏறி இறங்காத வெப்பநிலையில் இருக்க வேண்டும். கார்க் போட்ட புட்டியைப் படுக்கவைக்க வேண்டும். சமையலறை அலமாரியில் ஒரு கோடையைக் கழித்த ஷாப்லியில் புத்துணர்ச்சி மிஞ்சாது.

புட்டியின் அடியில் கற்கண்டுத் தூள் போலப் படிந்திருப்பது டார்டாரிக் அமிலத்தின் உப்பு. குளிரில் பிரிந்து வந்தது, கெடுதல் இல்லை. மெதுவாக ஊற்றி, கடைசி ஒரு விரல் அளவை விட்டுவிடுங்கள். நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் அடித்தால் கார்க் கெட்டிருக்கிறது. தயங்காமல் திருப்பிக் கொடுக்கலாம். நான்கைந்து ஆண்டே ஆன புட்டி, இளம் பச்சை கலந்த வெளிர் நிறத்தை இழந்து அடர் பொன்னிறமாகி, அடிபட்ட ஆப்பிள் வாடை வீசினால், அது காற்றுப்பட்டுக் கெட்டது. கடைக்காரரிடம் திறந்த புட்டியையும் கார்க்கையும் சேர்த்தே காட்டுங்கள்; ஒயினைக் கொட்டிவிட்டுப் போனால் அவரால் எதையும் சரிபார்க்க முடியாது.