பிரிட்ஜ் சிமுலேட்டர்ல கிளாஸ் எடுக்கறது எப்படி?

பிரிட்ஜ் சிமுலேட்டர்னா கப்பலை ஓட்டற அறையை (பிரிட்ஜ்) மாதிரியே செஞ்ச பயிற்சி இடம். கப்பல்ல இருந்து இறங்கி புதுசா இன்ஸ்ட்ரக்டரா சேர்ந்திருக்கவங்களுக்கு இது. ராடார், ஆர்பா (ராடார்ல மத்த கப்பலோட போக்கைக் கணக்கு போடறது), எக்டிஸ் (எலக்ட்ரானிக் கடல் வரைபடம்) எல்லாம் உங்களுக்கே அத்துப்படி, அதுக்குள்ள போகல.

1. ஒரு எக்சர்சைஸுக்கு ஒரே நோக்கம். எனக்குப் பிடிச்சது சிங்கப்பூர் ஜலசந்தி: நம்ம கப்பல் கிழக்க போற லேன்ல (ஒரு திசைக்குன்னு ஒதுக்கின கப்பல் பாதை), தெற்க இருக்கற இந்தோனேசியத் தீவு பாத்தாம்ல இருந்து ஒரு ஃபெரி ஸ்டார்போர்டு (வலப்பக்கம்) பக்கமா குறுக்க வருது, அவ்ளோதான். மூடுபனி, ஸ்டீயரிங் ஃபெயிலியர்னு சேர்த்துக் கொட்டாதீங்க. முன்னாடியே நீங்க ஓட்டிப் பாத்துடுங்க, இல்லன்னா ஃபெரி வர்றதுக்குள்ள கிளாஸ் முடிஞ்சிடும்.

2. பிரீஃபிங். நோக்கத்தைச் சொல்லி, பிளான் போட டைம் குடுத்து, கன்சோல்ல கை பழக விடுங்க. கப்பல்காரங்க பயிற்சிக்கான சர்வதேச விதித் தொகுப்பு எஸ்டிசிடபிள்யூ கோடே இதைக் கேக்குது.

3. ஓடும்போது குறுக்க பேசாதீங்க. நேரம் போட்டு எழுதிக்கோங்க. இதுக்கு சாஃப்ட்வேர் செக்லிஸ்ட்டை விட சாதா நோட்டுதான் பெஸ்ட், டிக் அடிக்கக் குனிஞ்சா பசங்க முகத்தைப் பாக்க முடியாது.

4. டீப்ரீஃப். நிஜமான பாடமே இங்கதான், அதனால ஓட்டறது அரை மணின்னா இதுக்கும் அரை மணி வைங்க. கேடட் (பயிற்சி மாணவன்) ஃபெரிக்கு வழி விட 5 டிகிரி, மறுபடி 5 டிகிரின்னு கப்பலைத் திருப்பியிருப்பான். உடனே "ரூல் 8 என்ன சொல்லுது?"ன்னு கேட்டா (கப்பல் மோதல் தடுப்பு விதிகள்ல, கொஞ்சம் கொஞ்சமா திருப்பாம நல்லா தெரியற மாதிரி திருப்பணும்ங்கற விதி) பையன் ஒப்பிச்சுடுவான், ஆனா அடுத்த தடவையும் அதையேதான் செய்வான். அதுக்கு பதிலா ரீப்ளேயை அவன் திருப்பறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி நிறுத்தி, "இப்ப உனக்கு என்ன தெரிஞ்சுது, ஃபெரி என்ன செய்யும்னு நினைச்ச?"ன்னு கேட்டுட்டு சும்மா இருங்க. அந்த அமைதி கஷ்டமா இருக்கும், பொறுத்துக்கோங்க. பாதிப் பேர் "லேன்ல போற நமக்குத்தான் முன்னுரிமை சார்"ம்பாங்க. அட, அப்ப திருப்பறதுல பிரச்சனை இல்ல, லேன் பத்தின ரூல் 10-ஐயே தப்பா புரிஞ்சு வச்சிருக்கான்! லேன்ல இருந்தாலும் குறுக்க வர்ற கப்பல் பத்தின ரூல் 15 பொருந்தாம போகாது, வலப்பக்கம் இருந்து வர்ற ஃபெரிக்கு நாமதான் வழி விடணும் (20 மீட்டருக்குக் கீழ உள்ள படகு தடுக்கக்கூடாதுங்கறது வேற கதை). அப்புறம் ஃபெரியோட பிரிட்ஜ்ல நின்னு பாத்தா நம்ம கப்பல் திரும்பறது எப்படி தெரியும்னு கூட இருந்த பசங்களையே சொல்லச் சொல்லுங்க.

வீட்ல பழக பிரிட்ஜ் கமாண்ட்ங்கற கம்ப்யூட்டர் சிமுலேட்டர் போதும், இலவசம்.

அப்டேட்: இஞ்சின் ரூம் சிமுலேட்டருக்கு இது ஒத்து வருமான்னு சிலர் கேட்டீங்க. வரும். பிளாக்அவுட் (கப்பல்ல கரண்ட் மொத்தமா போறது) எக்சர்சைஸ்னா ரீப்ளேக்கு பதிலா அலாரம் லாக்கை வைங்க, முதல் அலாரம் எதுன்னு பசங்களையே தேட விடுங்க.