எண்பதுகளின் டிரான்ஸ்ஃபார்மர்: வாங்கும் முன்பும் உருமாற்றும் முன்பும்

லாரி, விமானம் போன்றவையாகவும் ரோபோவாகவும் மாற்றி விளையாடும் பழைய டிரான்ஸ்ஃபார்மர் பொம்மை உடைவதாக இருந்தால், பெரும்பாலும் வீட்டுக்கு வந்த அன்றைக்கே உடையும். நாற்பது வருடம் லாரியாகவே கிடந்த பொம்மையை, பார்சலைப் பிரித்த கையோடு ரோபோவாக்கிப் பார்க்கும் ஆசை யாருக்கும் வரும். ஆனால் பிளாஸ்டிக் வறண்டு போயிருக்கும். மூட்டுக்குள் ஓடும் எஃகுப் பின் துருவேறிப் பிடித்திருக்கும். நாம் கொடுக்கும் விசை மூட்டைச் சுழற்றாமல், அதைத் தாங்கும் மெல்லிய சுவரில் போய் ஏறும். ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அதற்குப் பிறகு செய்வதற்கு அதிகமில்லை. ஆகவே அவசரப்படாமல், பார்த்து வாங்கி, பார்த்துத் திருப்ப வேண்டும்.

எந்த வருடத்துப் பொம்மை?

1984-இல் ஹாஸ்ப்ரோ நிறுவனம் அமெரிக்காவில் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்ற பெயரில் விற்கத் தொடங்கிய ரோபோக்களில் பெரும்பாலானவை புதிதாகச் செய்யப்பட்டவை அல்ல. ஜப்பானின் டகாரா நிறுவனம் ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்த இரண்டு வரிசைகளிலிருந்து எடுத்தவை. ஒன்று 1980-இல் தொடங்கிய டயக்ளோன். கார்களும் லாரியாக மாறும் ஆப்டிமஸ் பிரைமும் அங்கிருந்து வந்தன. ஆப்டிமஸுக்கு அங்கே ‘பேட்டில் கான்வாய்’ என்று பெயர். இன்னொன்று மைக்ரோமேன் குடும்பத்தில் 1983-இல் வந்த மைக்ரோ சேஞ்ச். மெகட்ரான், சவுண்ட்வேவ், பம்பிள்பீ எல்லாம் அதைச் சேர்ந்தவை. ஜெட்ஃபயர் டகாராவின் வார்ப்பே அல்ல. டகடோகு நிறுவனம் மேக்ரோஸ் தொடருக்காகச் செய்த 1/55 அளவு வால்கிரி விமானம் அது.

இந்த வரலாறு தெரிந்தால்தான் பொம்மையின் உடம்பில் பொறித்திருக்கும் ஆண்டைச் சரியாகப் படிக்க முடியும். அந்த எண் வார்ப்பு உருவான ஆண்டைக் குறிக்கும். பொம்மை விற்பனைக்கு வந்த ஆண்டை அல்ல. 1983 என்று பொறித்திருப்பதால் அது டயக்ளோன் காலத்துப் பொம்மை என்று விற்பவர் சொன்னால் நம்பிவிடாதீர்கள். அதே வார்ப்பில் பல ஆண்டுகள் கழித்தும் பொம்மைகள் வந்திருக்கின்றன.

மறுவெளியீட்டைக் கண்டுபிடிக்கச் சில தடயங்கள் உண்டு. டகாராவும் டோமியும் இணைந்தது 2006 மார்ச்சில். எனவே பொறிப்பிலோ பெட்டியிலோ ‘டோமி’ என்ற பெயர் இருந்தால், அது எண்பதுகளின் பொருளாக இருக்கவே முடியாது. 2002-இல் அமெரிக்காவில் மறுபடி வந்த ஆப்டிமஸின் புகைக்குழாய்கள், பாதுகாப்பு விதிக்காகக் குட்டையாக்கப்பட்டன. உருவம் தெரியும் சின்ன ஸ்டிக்கரையும் பாருங்கள்: 1985 முதல் பொம்மைகளில் வெப்பத்தில் நிறம் மாறும் சதுரச் சின்னம் ஒட்டப்பட்டது. விரலால் அரை நிமிடம் தேய்த்தால் ஆட்டோபாட் அல்லது டிசெப்டிகான் (கதையில் மோதும் இரு ரோபோ அணிகள்) முகம் எழும். 1984-இன் முதல் வெளியீடுகளில் அது இல்லை. ஆகவே அந்தச் சின்னம் இல்லாததை வைத்துப் போலி என்று முடிவுகட்டக் கூடாது.

பல போலிகளில் பொறிப்பு முற்றிலும் அழிக்கப்பட்டிருக்கும், அல்லது எழுத்துகளின் ஓரம் மழுங்கி மெழுகில் அழுத்தியதுபோல் இருக்கும். விற்பவரிடம் பொறிப்பின் கிட்டத்துப் படம் கேளுங்கள். நேர்மையாக விற்பவர் அனுப்பத் தயங்கமாட்டார்.

முதலில் எதை வாங்குவது?

புதிதாகத் தொடங்குபவர் ஆப்டிமஸில் கைவைக்க வேண்டாம். அதன் துணைப் பொருள்களைக் கணக்கிட்டுப் பாருங்கள்: துப்பாக்கி, தனியாகக் கழற்றும் இரண்டு கைமுட்டிகள், ரோலர் என்ற சின்ன வண்டி, எரிபொருள் குழாயும் அதன் முனையும், ஏவுகணைகள். கைமுட்டி லாரி வடிவத்தில் வெளியே எடுத்து வைக்கப்படுவது என்பதால் முதலில் தொலைவது அதுதான். ஸ்டார்ஸ்கிரீம் வகை விமானங்களும் இப்படியே. இறக்கை, வால், ஏவுகணைப் பெட்டி, முட்டி எல்லாம் தனித்தனி. ஒவ்வொன்றையும் பிறகு தேடி வாங்கினால் மொத்தச் செலவு, முழுமையான ஒன்றின் விலையைத் தாண்டிவிடும்.

1984-இன் ஆறு குட்டி ரோபோக்கள் நல்ல தொடக்கம்: பம்பிள்பீ, கிளிஃப்ஜம்பர், ஹஃபர், கியர்ஸ், பிரான், விண்ட்சார்ஜர். இவற்றுக்குத் துணைப் பொருளே கிடையாது. தொலைவதற்கு ஒன்றும் இல்லை. மூட்டுகளும் ஏழெட்டுக்குள் முடிந்துவிடும். மூட்டின் இறுக்கத்தை விரலால் உணர்ந்து பழக இதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் இல்லை.

பெட்டியோடு வாங்க வேண்டுமா? பொம்மையைக் கையில் எடுத்துப் பார்க்கப் போகிறவருக்குப் பெட்டி தேவையில்லை. வேண்டும் என்பவர் பின்பக்கத்தைப் பாருங்கள். அஞ்சலில் பரிசு வாங்குவதற்கான ‘ரோபோ பாயின்ட்’ பகுதியையும், சிவப்புப் படலம் வைத்துப் படிக்கும் திறன் அட்டையையும் அக்காலப் பிள்ளைகள் கத்தரித்துக்கொண்டார்கள். முன்பக்கப் படம் மட்டும் அனுப்பினால், பின்பக்கத்தில் ஓட்டை இருக்க வாய்ப்பு அதிகம்.

ஜப்பானிய விற்பனைப் பக்கங்களில் ஐந்து சொற்கள் போதும். ‘மிகைஃபூ’ என்றால் பிரிக்காதது. ‘கெப்பின்’ என்றால் பாகம் குறைகிறது. ‘ஹியாகே’ என்றால் வெயிலில் நிறம் மாறியது. ‘ஹாகோ நாஷி’ என்றால் பெட்டி இல்லை. ‘ஜங்க்கு’ என்றால் எந்த நிலையில் இருந்தாலும் திருப்பி எடுத்துக்கொள்ளமாட்டோம் என்று பொருள். ஆனால் சில சமயம் அந்தக் குவியலில்தான் நாம் தேடியலையும் ஒரு முட்டி மலிவாகக் கிடைக்கும். வெளிநாட்டிலிருந்து மெகட்ரானை வாங்கும்போது மட்டும் எச்சரிக்கை வேண்டும். அது வால்தர் பி38 துப்பாக்கியின் உருவம். பல நாடுகளின் சுங்கத்தில் இதுபோன்ற பொருள் தடுக்கப்படும். வாங்குவதற்கு முன் உங்கள் நாட்டின் விதியைப் பார்த்துவிடுங்கள்.

திருப்புவதற்கு முன்

பார்சலைப் பிரித்ததும் பொம்மையை அறை வெப்பத்தில் ஒரு நாள் விடுங்கள். பிறகு வெளிச்சத்தில் வைத்து, மடக்காமல், மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலாவது, எஃகுப் பின் போகும் துளைகளின் ஓரம். நகம் பதிந்ததுபோல் மயிரிழை வெண்கோடு தெரிந்தால் அங்கே விரிசல் தொடங்கிவிட்டது. இரண்டாவது, கார் ரோபோக்களில் கண்ணாடியைத் தாங்கும் மெல்லிய தூண்கள். ஒளிபுகும் பிளாஸ்டிக் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைவிட எளிதில் நொறுங்கும். மூன்றாவது, திருகுத் தலையில் துரு. அதன் நிறம் உள்ளே எஃகுப் பின் எந்த நிலையில் இருக்கும் என்பதைச் சொல்லிவிடும்.

அடுத்து, தலைமுடி உலர்த்தும் கருவியைக் குறைந்த சூட்டில் வைத்து, 20 சென்டிமீட்டர் தள்ளி, இறுகிய மூட்டின் மேல் ஒரு நிமிடம் காட்டுங்கள். கைக்கு இதமான சூடு போதும். அதற்கு மேல் போனால் குரோம் பூச்சும் ஸ்டிக்கரும் கெடும். இப்போது மூட்டின் இரு பக்கத்தையும் பின்னுக்கு மிக அருகில் பிடித்து, இரண்டு மூன்று பாகை மட்டும் முன்னும் பின்னும் அசையுங்கள். தூரத்தில் பிடித்தால் நெம்புகோல்போல் விசை பெருகி, பாகம் ஒடியும். அசைவு கிடைத்ததும் மெல்ல மெல்ல வீச்சைக் கூட்டுங்கள். இறுகினால் உடனே நிறுத்தி, மறுபடி சூடு காட்டுங்கள்.

துருவேறிய பின்னுக்கு எண்ணெய் விட நினைப்பவர்கள் கவனமாக இருங்கள். தெளிக்கும் வகைத் துரு எண்ணெய்கள் பிளாஸ்டிக்கில், ஏற்கெனவே அழுத்தம் உள்ள இடத்தில், விரிசலைத் திறந்துவிடக்கூடும். ஒரு ஊசி முனையில் துளி எடுத்து உலோகத்தின் மேல் மட்டும் வையுங்கள். திருகு கழலாமல் பிடிக்கும் திரவமும் வேண்டாம். இந்தப் பொம்மைகளின் ஏபிஎஸ் என்ற கடினப் பிளாஸ்டிக்கை அது நொறுக்கிவிடும்.

திருகைக் கழற்றிப் பூட்டுவது

சுத்தம் செய்யவும் பாகம் மாற்றவும் சில சமயம் திறந்தே ஆக வேண்டும். ஜப்பானியத் திருகுகளின் கூட்டல்குறி வெட்டு வேறு. சாதாரண பிலிப்ஸ் முனை அதில் முழுதாக இறங்காது. அழுத்தித் திருப்பும்போது வழுக்கி மேலேறி, தலையைச் சிதைத்துவிடும். ஜப்பானியத் தரத்தைக் குறிக்கும் ‘ஜே.ஐ.எஸ்.’ குறியிட்ட முனையே நல்லது.

பூட்டும்போதுதான் பலரும் தவறு செய்கிறார்கள். திருகைத் துளையில் வைத்து நேரே வலப்பக்கம் சுற்றாதீர்கள். லேசாக அழுத்திக்கொண்டு, முதலில் இடப்பக்கம் சுற்றுங்கள். ஓரிடத்தில் திருகு சட்டென்று ஒரு மயிரிழை கீழே இறங்கும். அதை விரல் நுனி உணரும், சின்னச் சத்தமும் கேட்கும். பழைய மரை அங்கேதான் தொடங்குகிறது. அந்த இடத்திலிருந்து வலப்பக்கம் திருப்பினால் திருகு தன் பழைய தடத்திலேயே ஓடும். இல்லாவிட்டால் பிளாஸ்டிக்கில் புது மரை வெட்டி, இரண்டு மூன்று தடவைக்குள் துளை பாழாகிவிடும். தடை தெரிந்ததும் நிறுத்துங்கள். ‘இன்னும் கொஞ்சம்’ என்று இறுக்குவது தூணைப் பிளக்கும்.

சுத்தமும் மஞ்சளும்

பொம்மையை வாளியில் முக்க வேண்டாம். உள்ளே எஃகு ஸ்பிரிங் இருக்கும், வெளியே உலோகத் தகடு போன்ற ஸ்டிக்கர் இருக்கும். வெதுவெதுப்பான நீரில் இரண்டு துளி பாத்திரம் கழுவும் சோப்பு, நன்றாகப் பிழிந்த துணி, இடுக்குகளுக்குப் பஞ்சுக்குச்சி. குரோம் பூச்சை உலர்ந்த மெல்லிய துணியால் மட்டும், தேய்க்காமல் ஒற்றுங்கள். அது பிளாஸ்டிக்கின் மேல் படிய வைத்த மெல்லிய அலுமினியப் படலம். தேய்த்தால் போனது திரும்பாது. அசிட்டோன் வாசம் வரும் எந்தப் பொருளும் வேண்டாம். ஏபிஎஸ் கரைந்துவிடும்.

வெள்ளைப் பாகங்கள் மஞ்சளாவது ஜெட்ஃபயரில் மிகச் சாதாரணம். ஹைட்ரஜன் பெராக்சைடும் வெயிலும் சேர்ந்தால் நிறம் பெருமளவு திரும்பும். பாகத்தை முழுவதும் பிரித்து, ஸ்டிக்கரையும் உலோகத்தையும் நீக்கி, முடி வெளுக்கும் 12 சதவிகிதக் கிரீமைத் தடவி, பிளாஸ்டிக் தாளால் மூடி, வெயிலில் வையுங்கள். கையுறையும் கண்ணாடியும் அவசியம். மணிக்கொரு தடவை புரட்டி, கிரீமைச் சமமாகப் பரப்பிவிட வேண்டும். ஓரிடத்தில் கிரீம் காய்ந்தால் அங்கே வெண்திட்டு விழும். அதைப் பிறகு சரிசெய்வது மிகக் கடினம். சில ஆண்டுகளில் மஞ்சள் மீண்டும் தலைகாட்டும். லேசான மஞ்சளை அப்படியே விட்டுவிடுவதே எங்கள் யோசனை. கெட்டுப்போகும் வாய்ப்பை நோக்க, கிடைக்கும் லாபம் சிறிது.

இன்னொரு வியாதிக்கு மருந்தே இல்லை. எண்பதுகளின் இறுதியிலும் அதற்குப் பிறகும் வந்த சில பொம்மைகளில், பொன்னிறத் துகள் கலந்த பிளாஸ்டிக் மேற்பரப்பில் சுழி சுழியாக ஓடும் கோடுகள் தெரியும். ஆண்டுகள் போகப்போக அது பிஸ்கட்போல் நொறுங்கும். 1988-இன் பிளாக் ஸராக் இதற்குப் பேர்போனது. அத்தகைய பொம்மையை வாங்கினால் எந்த வடிவில் வந்ததோ அந்த வடிவிலேயே அலமாரியில் வையுங்கள், ஒருபோதும் உருமாற்றாதீர்கள்.

வைப்பதும் கட்டுவதும்

ஏவுகணை ஸ்பிரிங்கை இழுத்த நிலையில் விடாதீர்கள். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீர்கள். அது இளகி பிளாஸ்டிக்கில் ஒட்டி வடு போடும். பெட்டியோடு வந்த தெர்மோகோலில் ரப்பர் டயர் நேரடியாகப் படியும்படி பல காலம் வைத்தாலும் இதே சிக்கல்: டயரிலிருந்து கசியும் எண்ணெய் போன்ற பொருள் தெர்மோகோலைத் தின்னும். நடுவில் மெல்லிய தாள் விரித்துவிடுங்கள்.

அனிமே உருவங்களை வைத்திருப்பவர்களுக்கும் இதே பாடம். ஃபிக்மா, ஃபிகுவார்ட்ஸ் போன்றவற்றில் மிருதுவான பிவிசி பாகங்கள் இருக்கும். மூடிய பெட்டியில் சூட்டில் கிடந்தால் பிசுபிசுக்கும். வெதுவெதுப்பான சோப்புநீரில் கழுவி, காற்றாட உலர்த்தினால் போகும். அதை ஏபிஎஸ் ரோபோவின் மேல் சாய்த்து வைக்காதீர்கள். அந்தப் பிசுக்கு கடினப் பிளாஸ்டிக்கையும் மென்மையாக்கும்.

நேர் வெயில் படாத கண்ணாடி அலமாரி, உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம். கழற்றிய முட்டிகளையும் ஏவுகணைகளையும் ஒவ்வொரு பொம்மைக்கும் தனித்தனிப் பையில் போட்டு, பையின் மேல் பொம்மையின் பெயரையும் உள்ளிருக்கும் உருப்படிகளின் எண்ணிக்கையையும் எழுதி, அந்தப் பொம்மை நிற்கும் தட்டிலேயே அதன் பின்னால் வையுங்கள்.