வேலூர் வெயிலில் புல்தரை: பாடு குறைவாக, பசுமை நிறைவாக

வேலூர்ப் பக்கம் வீட்டின் முன்புறம் புல்தரை அமைப்பவர்கள் படும் பாட்டில் பாதி, இந்த ஊர் மண்ணுக்கும் தண்ணீருக்கும் ஒத்துவராத புல்லைத் தேர்ந்தெடுப்பதால் வருவது. நர்சரியில் கண்ணைப் பறிக்கும் கொரியன் புல் மெத்தென்றுதான் இருக்கும்; ஆனால் அது மெதுவாக வளர்வதால், கோடையில் ஓரிடம் காய்ந்துபோனால் அந்தத் திட்டு மீண்டும் மூடப் பல மாதங்கள் ஆகும். நம் வயல் வரப்பில் விவசாயி பிடுங்கிப் பிடுங்கி அலுத்துப்போகும் அருகம்புல்லோ, தரைமேல் ஓடும் தண்டாலும் மண்ணுக்குள் ஓடும் மட்டத்தண்டாலும் பரவுவதால், மிதிபட்டாலும் காய்ந்தாலும் விரைவில் தழைத்துவிடும். ‘அருகுபோல் வேரூன்றி’ என்று பெரியவர்கள் வாழ்த்துவது சும்மா இல்லை. அது பூச்செடிப் பாத்திக்குள்ளும் நுழைந்துவிடும் என்பது மட்டுமே குறை. செங்கல்லைச் செங்குத்தாகப் புதைத்து ஓரம் கட்டிவிட்டால் பெருமளவு தடுத்துவிடலாம்.

அருகம்புல்லுக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். மாமரத்தின் அடியிலும் மதில் நிழலிலும் அதை வளர்க்க முயல்வது வீண் வேலை. அந்த இடத்தைச் சருகு மூடாக்குக்கோ நிழல் விரும்பும் செடிகளுக்கோ விட்டுவிட்டு, பராமரிக்க முடிந்த அளவுக்குப் புல்தரையைச் சுருக்கிக்கொள்வதே நல்லது.

நடவுக்கு முன் கோரையை ஒழித்தாக வேண்டும். மண்ணைக் கொத்தி நனைத்துவிட்டால் இரண்டொரு வாரத்தில் கோரை முளைத்துத் தலைகாட்டும். அப்போது இலையை மட்டும் கிள்ளாமல், மண்ணுக்குள் இருக்கும் கிழங்கோடு தோண்டி எடுத்து, இதையே மீண்டும் ஒருமுறை செய்ய வேண்டும். பிறகு நன்கு மக்கிய தொழுவுரத்தைக் கலந்து (மக்காத எரு களை விதைகளைக் கொண்டுவந்து சேர்க்கும்), மழைக்காலத் தொடக்கத்தில் கணுவுள்ள புல் துண்டுகளை ஏறத்தாழ 10 செ.மீ. இடைவெளியில் ஊன்றினால் போதும். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவங்களிலும் மழை பெறும் பகுதி என்பதால், நீர் பாய்ச்சும் வேலையில் பெரும்பங்கை மழையே பார்த்துக்கொள்ளும்.

தண்ணீர் விஷயத்தில்தான் பலரும் தேவையில்லாமல் உழைக்கிறார்கள். தினமும் மாலையில் குழாயைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் மேலோட்டமாகத் தெளித்தால் வேர் மேல்மண்ணிலேயே நின்றுவிடும். பிறகு ஒருநாள் விட்டாலும் புல் வாடும். ஒரு முறைக்குச் சதுர மீட்டருக்கு 25 லிட்டர், அதாவது பத்தடிக்குப் பத்தடி இடத்துக்குச் சுமார் 230 லிட்டர் என்ற அளவில், அதிகாலையில் ஆழமாக நனைத்துவிட்டுச் சில நாள் விட்டுவிட வேண்டும். உங்கள் குழாய் 20 லிட்டர் பக்கெட்டை ஒரு நிமிடத்தில் நிரப்புமானால், அந்த இடத்துக்குப் பன்னிரண்டு நிமிடம் பிடித்தால் போதும். நனைத்த பின் நீளமான ஸ்க்ரூடிரைவரை மண்ணில் குத்திப் பாருங்கள், 15 செ.மீ. வரை எளிதாக இறங்க வேண்டும். அடுத்த பாய்ச்சல் எப்போது என்பதைப் புல்லே சொல்லும்: நடந்த கால்தடம் நிமிராமல் அப்படியே நின்றால் தண்ணீர் விடலாம். சாதாரண நாட்களில் வாரம் ஒருமுறையும், கத்திரி வெயிலில் நான்கைந்து நாளுக்கு ஒருமுறையும் தேவைப்படும். தண்ணீர்ப் பஞ்சம் என்றால் பழுப்பாகவே விட்டுவிடுங்கள்; வேர் சாகாத அளவுக்கு அவ்வப்போது நனைத்தால், முதல் நல்ல மழையில் தளிர்த்துவிடும்.

தண்ணீரின் தரமும் முக்கியம். பாலாற்றுப் படுகையில், குறிப்பாகத் தோல் பதனிடும் தொழில் நடக்கும் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கங்களில், பல போர்வெல்களின் நீர் உப்பாக இருக்கும். அருகம்புல் ஓரளவு உப்பைத் தாங்கும் என்றாலும், ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் கழிவு நீரை அதன்மேல் விடாதீர்கள். உப்பு அதில் இன்னும் செறிந்திருக்கும். மண் இறுகி, மேலே வெள்ளை பூத்தால், விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்து மண்ணையும் நீரையும் சோதித்த பிறகே, இறுகிய மண்ணைச் சீராக்கும் ஜிப்சம் இட வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள்.

வெட்டும்போது புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. கோடையில் 4 முதல் 5 செ.மீ. உயரம் விட்டால் மண்ணுக்கு நிழல் கிடைத்து ஈரம் நிற்கும், களையும் குறையும். வெட்டிய துணுக்குகளை வாரிக் கொட்டும் வேலையும் வேண்டாம். சிறியவையாக இருந்தால் அங்கேயே மக்கித் தழைச்சத்தைத் திருப்பித் தரும். அதற்கு மேல், மழை நாட்களில் 100 சதுர அடிக்கு 100 கிராம் யூரியாவை ஓரிரு முறை தூவி உடனே நனைத்தால் போதுமானது. உரமிட்டும் இளம் இலை நரம்பிடையே மஞ்சளாகவே இருந்தால் பெரும்பாலும் அது இரும்புச்சத்துக் குறை. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து, வெயில் தாழ்ந்த பின் இலையில் தெளிக்கலாம். சிமெண்ட் தரையில் பட்டால் துருக்கறை பிடித்துவிடும் என்பதால், நடைபாதை ஓரம் தெளிக்கும்போது ஒரு பழைய சாக்கை விரித்துக்கொள்ளுங்கள்.